வழித்துணை

தமிழிலே பயணத்தைப் பாடிய பழைய இலக்கியங்களை எடுத்து நோக்கினால், கணவனும் மனைவியும் ஊர் பார்ப்பதற்கென்று மகிழ்ச்சியாகப் புறப்பட்ட செய்தி அரிதாகவே தென்படும். பாலைத்திணையிலே பொருள் தேடிப் புறப்படுபவன் தலைவன். வீட்டிலிருந்து நாட்களை எண்ணிச் சுவரிற் கோடிடுபவள் தலைவி. இருவரும் சேர்ந்து வழிநடப்பது உடன்போக்கிலேதான். அதுவும் பெற்றாரும் சுற்றத்தாரும் பின்தொடர்ந்து வருவரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் செல்லும் ஓட்டமாகும். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தது இழந்த பொருளை மீட்டுக்கொள்வதற்காக. பிற்காலத்திலே தம்பதியர் சேர்ந்து சென்றதெல்லாம் கதிர்காமம், சிதம்பரம், இராமேசுவரம், காசி என்று கோயில்களை நோக்கியே. நேர்த்திக்கடன் பயணத்தின் நோக்கமாக இருந்தது. வழியிலே கிடைத்த மகிழ்ச்சி அதற்கு மேல் வந்த கொசுறு.

இலங்கையில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. சிகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரிலே, அங்கே தீட்டப்பட்ட ஓவிய மகளிரைப் பார்க்க வந்தவர்கள் கீறி வைத்துவிட்டுப் போன சிங்களச் செய்யுட்கள் உள்ளன. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை கி.பி. எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை என்பது அவர் கருத்து. எழுதியவர்களிலே பெண்களும் உளர். ஆகவே, வெறுமனே பார்ப்பதற்காக மலையேறியவர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இந்நாட்டில் இருந்தனர் என்பது தெளிவு. ஓவியத்து அழகிகளைக் கண்டு கணவர் பாட்டெழுத நின்றபோது உடன் வந்த மனைவியர் என்ன கூறினர் என்பதைச் சுவர் முழுவதாகச் சொல்லவில்லை.

சாதாரண குடும்பத்தினர்க்கு இந்தச் சுகத்தைத் திறந்துவிட்டது புகைவண்டியே. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பதுளைக்கு 1924இலும் பாதை சென்று சேர்ந்தது. வடக்கே 1905இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் இரும்புப் பாதையால் இணைந்தன. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. அரசாங்க உத்தியோகத்தர்க்கு வழங்கப்பட்ட விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டு, தம் சம்பளத்தில் அரைவாசியை ஊருக்கு அனுப்பிவிட்டு மிகுதியிற் குடும்பம் நடத்திய எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் பயணிகளாக ஆக்கியது. சீட்டு இருக்கின்றது, போகாவிட்டால் வீணாகிவிடும் என்ற ஒரே காரணத்தால் மலைநாட்டைப் பார்த்த யாழ்ப்பாணத்துத் தம்பதியர் எத்தனையோ பேர். சிக்கனத்தின் பெயராலே தமக்கு ஒரு செலவை அனுமதித்துக்கொள்வது நம்மவர் இயல்பு.

அந்தப் பாதை ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போயிற்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அக்காலத்திலே புதிதாக மணமுடித்திருந்தோரிற் பலருக்கு, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து சென்ற முதல் நெடும்பயணம் அதுவே. மிதிவண்டியின் பின்புறத்தில் அரிசிப்பையும், கைப்பிடியிலே கட்டிய பாத்திர மூட்டையும், நடுவிலே ஒரு குழந்தையும். அதன் பின்னர் அவர்கள் வாழ்விலே பயணம் என்னும் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கவில்லை. எடுத்துச் செல்லக்கூடியது எது, விட்டுச் செல்ல வேண்டியது எது என்பதே அப்பயணத்தின் கேள்வி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது, எங்கும் போவதற்காகவன்றி, வண்டியைப் பார்ப்பதற்காகவே மக்கள் திரண்டனர். இருபது வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் அது முதற்காட்சியாக இருந்தது.

அவ்வாறு பெயர்ந்து பழகிய ஒரு தம்பதியர், பிள்ளைகளுக்கு வழிகாட்டி முடித்து, ஓய்வூதியமும் பெறத் தொடங்கிய பின்னர், நுவரெலியாவுக்கு நான்கு நாட் பயணம் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். எனினும் ஒருவர்க்கு மற்றவர் யார் என்பது சமையலறைக்கும் முன்விறாந்தைக்கும் இடையிலே வகுக்கப்பட்ட ஓர் உடன்படிக்கையாகவே இருந்துவந்தது. சீனி முடிந்ததா என்பது அவர் துறையன்று. மின்கட்டணம் கட்டியாயிற்றா என்பது இவர் துறையன்று. பயணத்திலே இந்த எல்லைகள் அழிந்துவிடுகின்றன. சீட்டை வைத்திருக்க வேண்டியவர் யார்? திறப்பு யாரிடம்? குடையை எடுக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு வீட்டிலே வழக்கம் உண்டு. வழியிலே வழக்கம் இல்லை. பயணத்தின் சில்லறைச் சங்கடங்களிற் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டிலேதான் பிறக்கின்றன. ஒரு பொருள் தொலைவதற்குக் கவனமின்மைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருவருமே கவனமானவர்கள், மற்றவர் எடுத்திருப்பார் என்று இருவருமே நம்பியதுதான் காரணம்.

வண்டி கொடிகாமத்தைத் தாண்டும்போது முதற் கேள்வி எழும்.

“இஞ்சாருங்கோ, பின்கதவைப் பூட்டினீங்களோ?”

“நீ பூட்டினதெண்டெல்லோ நான் நினைச்சன்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் பேசப்படாத பயணம் இல்லை எனலாம். கதவு பூட்டியே இருக்கும். அயல்வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் ஒழுங்கையைக் கடந்து சென்று, படலையைத் திறந்து, கதவைத் தள்ளிப் பார்த்து, பூட்டியிருக்கின்றது என்று சொல்லும்வரை கிளிநொச்சியும் தெரியாது, மாங்குளமும் தெரியாது. இதனைச் சிலர் நகைப்புக்குரியதாகக் கருதுவர். ஆனால் பூட்டாத வீட்டையும் பூட்டிய வீட்டையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பிவந்து கூரையில்லாச் சுவர்களைக் கண்ட ஒருவர் அந்தக் கேள்வியை எழுப்பும்போது, அதற்குள்ளே வேறொரு பயணமும் சேர்ந்து பேசுகின்றது. அதை அறிந்த கணவர் கோபிப்பதில்லை. அயல்வீட்டு இலக்கத்தைத் தாமே அழுத்திக் கொடுக்கின்றார்.

மூட்டை முடிச்சு அடுத்த விடயம். நான்கு நாளுக்கு நான்கு சட்டை என்று கணக்கிடுவது ஆணின் கணிதம். மழை வந்தால், வாந்தி வந்தால், தேநீர் கொட்டினால், திடீரென்று ஒரு கோயிலுக்குப் போக நேர்ந்தால் என்று கணக்கிடுவது பெண்ணின் கணிதம். முடிவில் இரண்டாவது கணக்குக்கு ஏற்பவே பெட்டி கட்டப்படும். முதலாவது கணக்கைச் சொன்னவரே அதைத் தூக்குவார். இதற்காக அவர் வருந்த வேண்டியதில்லை. பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், இலங்கைச் சிவில் சேவையில் 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அவருடைய பொருட்களிலே வோல்டயரின் நூல்கள் மட்டும் தொண்ணூறு தொகுதிகள் இருந்தன. ஒரு நாயும் உடன் வந்தது. அப்போது அவர் மணமாகாதவர் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை நம்மவர் கட்டுச்சோற்றை விட்டுவிடவில்லை. புளிச்சோறு நெடும்பயணத்துக்கு உரியதாக வந்ததற்குக் காரணம் உண்டு. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து சோறு விரைவிற் பழுதாகாமற் காக்கின்றன. பருத்தித்துறைத் தட்டைவடையும் அவ்வாறே; ஈரம் வற்றப் பொரிப்பதனால் நாட்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். வாழையிலைப் பொதியை அவிழ்க்கும்போது எழுகின்ற மணம் பெட்டி முழுவதையும் உறவாக்கிவிடும். எதிர் ஆசனத்துச் சிங்கள முதியவர் ஒரு தட்டைவடையைக் கடித்துப் பார்த்துத் தலையசைப்பார். தம் பையிலிருந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்து நீட்டுவார். ஒருவர் மொழி மற்றவர்க்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் பேரப்பிள்ளைகள் எத்தனை என்பது விரல்களாலே தெரிவிக்கப்பட்டுவிடும்.

மலைநாட்டுப் பாதையை அமைத்த பொறியியலாளர் தம்பதியரைக் குழப்புவதற்கென்றே சில இடங்களை அமைத்தனரோ என்று எண்ணத் தோன்றும். பிரதான பாதை கண்டி நகருக்குள் நேரே சென்று மறுபுறம் வெளிவருவதில்லை. பேராதனையிலிருந்து கிளையாகக் கண்டிக்குச் செல்கின்றது. ஆகவே கண்டியைத் தொட்டு மேலே ஏறும் வண்டி, அங்கே திசைமாறிப் பேராதனைக்கு வந்தே மலையேற வேண்டும். கண்டி வருமுன் கண்ணயர்ந்த கணவர் விழித்துப் பார்க்கின்றார். முன்னோக்கி அமர்ந்திருந்தவர் பின்னோக்கிச் செல்கின்றார். வந்த வழியே வண்டி திரும்பிப் போகின்றது. கொழும்புக்குப் போகும் வண்டியில் ஏறிவிட்டோம் என்று பெட்டியை இறக்கத் தொடங்குவார். எதிரே இருந்த மனைவிக்கு இப்போது முன்னோக்கிய ஆசனம் கிடைத்திருக்கின்றது. அவர் அவசரப்பட்டு விளக்கம் சொல்வதில்லை.

நுவரெலியாவுக்குச் செல்வோர் நுவரெலியா என்ற பெயர்ப்பலகையை எதிர்பார்த்து இருப்பது மற்றொரு பழைய தவறு. அப்பெயரில் நிலையம் கிடையாது. இறங்க வேண்டிய இடம் நானுஓயா. அங்கிருந்து தெருவழியே சுமார் எட்டுக் கிலோமீற்றர் செல்ல வேண்டும். இதை அறியாதோர் அம்பேவலையில் பால் மாடுகளைப் பார்த்து வியந்து, பட்டிப்பொலையிலே குளிர் எலும்பைத் தொடும்போது விழிப்படைவர். பட்டிப்பொலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ளது. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது. தவறிப் போனதால் உச்சியைக் கண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். இன்னும் அப்பாலே தெமோதரையில் பாதை ஒரு வளையமாகச் சுற்றி, நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியாகவே வெளியேறுகின்றது. “இந்த நிலையத்தைத்தானே இப்ப பார்த்தனாங்கள்?” என்று மனைவி கேட்க, “அது வேறு நிலையம்” என்று கணவர் உறுதியாகச் சொல்லும் இடம் அது. மனைவி சொல்வதே சரி.

வழியைப் பிறரிடம் கேட்பதிலே ஆண்களுக்கு உள்ள தயக்கத்தை அறிஞர் எவ்வாறு விளக்கினும், இருட்டும் வேளையில் நுவரெலியாவின் ஏரிக்கரையில் இரண்டு முறை சுற்றிவந்த பின்னர், கடலை விற்பவரிடம் சென்று வழி கேட்டவர் மனைவியாகவே இருப்பார். கடலையும் வாங்கி வருவார்.

காலநிலையைப் பற்றியும் ஒரு சொல். இந்நாடு இரண்டு பருவக்காற்றுக்களின் நடுவிலே இருப்பது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டும். அப்போது திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். மார்கழியிலே நிலைமை மாறும். வடகீழ்க் காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். திசெம்பர் விடுமுறை கிடைத்ததென்று திருகோணமலைக்குப் போகும் தம்பதியர், கோணேசர் கோயிலுக்குக் குடையுடன் ஏறி இறங்கி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் மழை நீருடன் சேர்த்துக் குளித்து, மிகுந்த இரண்டு நாட்களையும் விடுதி யன்னலோரத்திற் கழிப்பர். ஓட்டன் சமவெளியிலுள்ள உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறையைப் பார்ப்பதற்கு அதிகாலையிலே செல்ல வேண்டும். காலை ஒன்பது, பத்து மணியளவில் முகில் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடுவது வழக்கம். காலணி யார் நனைத்தது என்ற விவாதத்தில் ஒரு மணிநேரத்தைச் செலவழித்துவிட்டுப் போகின்றவர்கள் காண்பது வெண்மையை மட்டுமே. அந்த வெண்மையின் முன்னே இருவரும் சிறிது நேரம் நிற்பர். பின்னர் ஒருவர் சிரிப்பார்.

சங்கடம் வேறு, இடர் வேறு என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த புயலும் மண்சரிவும் மலைநாட்டு மக்களின் வீடுகளையும் உயிர்களையும் கொண்டு சென்றன. புகைவண்டிப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்தன. அதைச் சிரிப்புடன் பேச எவராலும் இயலாது. பாதை திறந்திருக்கின்றதா என்று புறப்படுமுன் கேட்டறிவது பயணி தனக்குச் செய்வது மட்டுமன்று, அம்மக்களுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

மேலே சொன்ன லெனாட் வூல்ஃப் 1911இல் இலங்கையை விட்டுச் சென்று, அடுத்த ஆண்டில் எழுத்தாளர் வேர்ஜீனியாவை மணந்தார். 1935ஆம் ஆண்டில் இருவரும் மோட்டார் வண்டியிலே ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுடன் மிற்ஸ் என்னும் பெயருடைய, கையில் அடங்கக்கூடிய மார்மொசெற் குரங்கு ஒன்றும் சென்றது. வூல்ஃப் யூத குலத்தவர். ஜேர்மனியிலே அப்போது நாற்சியர் ஆட்சி. பொன் நகருக்கு அண்மையில், அமைச்சர் கோரிங்கை வரவேற்கத் தெருவின் இருமருங்கும் திரண்டிருந்த கூட்டத்தின் நடுவே அவர்களின் வண்டி அகப்பட்டுக்கொண்டது. யூதருக்கு எதிரான வாசகங்கள் தெருவிலே தொங்கின. திரும்பவும் வழியில்லை. ஆனால் வூல்ஃபின் தோளில் இருந்த குரங்கைக் கண்ட கூட்டம் மகிழ்ந்து ஆரவாரித்துக் கையசைத்தது. அந்த ஆரவாரத்தினூடே அவர்கள் பாதுகாப்பாக வெளியேறினர். இதனை வூல்ஃப் தமது தன்வரலாற்றிலே எழுதி வைத்துள்ளார். படிப்போர்க்குச் சிரிப்பும் வரும், நடுக்கமும் வரும். அவர்களுக்கு இங்கிலாந்திலே ஒரு வீடு இருந்தது. சில கிழமைகளின் பின்னர் அங்கே திரும்பிப் போய் அந்தக் கதையைச் சொல்ல முடிந்தது. அதே தெருவிலே குடியிருந்த யூதத் தம்பதியர்க்கு அக்காட்சி வேடிக்கையன்று. திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு என்பதே சங்கடத்தைக் கதையாக மாற்றுகின்றது. வடபுலத்துத் தம்பதியர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, இன்பங்கள். அவை சங்கடங்களிலும் சிறியவை. ஆதலாற் பலர் அவற்றைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. விடிகாலையிலே விடுதி அறையின் கதவு தட்டப்படுகின்றது. ஒரு தட்டத்திலே தேநீர்க் கேத்தலும் இரண்டு கோப்பைகளும் வைக்கப்படுகின்றன. முப்பது ஆண்டுகளாக விடியலில் முதலாவதாக எழுந்து, அடுப்பை மூட்டி, ஏழு பேருக்குத் தேநீர் ஊற்றி, கடைசியில் ஆறிப்போனதைக் குடித்த ஒரு பெண்மணிக்கு, பிறர் ஊற்றிக் கொடுத்த சூடான தேநீர் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஆண்கள் எளிதில் உணரார். முதல்நாள் அவர் அதைக் குடிக்கக் கூச்சப்படுவார். கோப்பையைத் தாமே கழுவி வைக்கவும் முயல்வார். இரண்டாம் நாள் போர்வைக்குள் இருந்தபடியே அருந்துவார். மூன்றாம் நாள், “இண்டைக்கு என்ன, பத்து நிமிசம் பிந்திப்போச்சு?” என்பார். அதைக் கேட்ட கணவருக்கு ஒரு புதிய எண்ணம் பிறக்கவும் கூடும். வீடு திரும்பிய பின்னரும் வாரத்தில் ஒரு நாளாவது அந்தத் தட்டத்தைத் தாம் ஏந்தும் கணவர்கள் இருக்கின்றனர். அதிகம் பேர் என்று சொல்வதற்கில்லை.

கணவரைப் பற்றி மனைவி அறிந்துகொள்வதும் உண்டு. வீட்டிலே பத்திரிகைக்குப் பின்னால் இருப்பவர், புகைவண்டி வளைவிலே திரும்பும்போது யன்னலால் தலையை நீட்டி இயந்திரத்தைப் பார்க்கின்றார். நிலைய அதிபர் சாரதியிடம் வளையத்தைக் கொடுத்து வாங்குவதைக் கண்டு சிறுவனைப் போலக் கைதட்டுகின்றார். குளிருக்காகக் கழுத்திலே கம்பளித்துணியைச் சுற்றிவிட வேண்டுமென்றால் மறுக்காமல் தலையைக் குனிகின்றார். இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டேன் என்று இரவு எட்டு மணிக்கு அவர் பதறும்போது, மனைவியின் கைப்பையிலே, திருநீற்றுப் பொட்டலத்துக்கும் தைக்கும் ஊசிக்கும் இடையே, அது நான்கு நாட்களுக்கும் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றது.

திரும்பும்போது பெட்டி இன்னும் கனக்கும். போஞ்சியும் லீக்ஸும் கரட்டும் யாழ்ப்பாணச் சந்தையிலும் கிடைக்கும் என்று அவர் எவ்வளவு சொன்னாலும், மலையிலே வாங்கியதற்கு ஈடாகாது என்பது இவர் முடிவு. ஸ்ரோபரிப் பழங்கள் வவுனியா வருவதற்குள் நசிந்து, அவருடைய நல்ல வெள்ளைச் சட்டையிலே சாயம் ஏற்றியிருக்கும். குடை, ஏதோ ஒரு நிலையத்து வாங்கிலே தங்கிவிட்டிருக்கும். எந்த நிலையம் என்பதில் இருவருக்கும் ஒருமைப்பாடு இல்லை.

அயல்வீட்டார் வந்து, நுவரெலியாவில் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பர். பூந்தோட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லப்படும்; தேயிலைத் தோட்டத்தைப் பற்றி இன்னொன்று. அதன் பின்னர் கண்டியிலே பெட்டியை இறக்கிய கதை தொடங்கும். கணவர் ஒருவிதமாகச் சொல்வார். மனைவி இடைமறித்து வேறுவிதமாகத் திருத்துவார். உலகமுடிவில் முகிலைக் கண்ட கதை வரும்போது இருவரும் ஒரே நேரத்திற் பேசத் தொடங்குவர். அயல்வீட்டார் தேநீர்க் கோப்பையைக் கையிலே வைத்துக்கொண்டு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருபுறமும் திரும்பிக்கொண்டிருப்பார்.